ஏழாவது காது

– அப்ப இது உங்க வேலை இல்லன்றீங்க.

– எது?

– இருங்க, பாக்கெட்டுல இருக்கு. இது. ஒரே தாளு, எட்டுப் பக்கமா மடிச்சது. மேல 'காது – ஆறு'ன்னு போட்டிருக்கு. ஜீன்னு சொல்றாங்களே, சொந்தமா வரைஞ்சு ஜெராக்ஸ் போட்டு விடற குட்டிப் புக்கு.

– நல்லாதான் இருக்கு. எங்க வாங்குனீங்க?

– வாங்கல. சண்டே மார்க்கெட்டுல பழைய புக்கு ஒண்ணு எடுத்தேன். உள்ள ஒண்ணு இருந்துது. அப்புறம் ஆறு ஞாயித்துக்கிழமை அலைஞ்சு ஆறையும் சேத்துட்டேன்.

– மிஸ்டர் நிலவன், நீங்க பொண்ணு பாக்க வந்திருக்கீங்க. பத்து நிமிஷம் மாடியில பேசிட்டு வாங்கன்னு அனுப்பியிருக்காங்க. சமையல் தெரியுமா, சினிமா புடிக்குமா, எதுனா கேளுங்க.

– அதெல்லாம் அப்புறம் கேக்கறேன். நான் என்ன வேலைன்னு சொன்னாங்களா?

– கோரிமேட்டுல ஆஸ்பத்திரின்னாங்க.

– காது டெஸ்ட் எடுக்கறேன். அதாவது, யாருக்கு எவ்ளோ கேக்குதுன்னு பாக்கறவன். ஒரு நாளைக்கு நாப்பது பேரு. மூஞ்சி மறந்துடும்ங்க, காது மறக்காது. இந்த ஆறாவது காதைப் பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. இது அரிகிருஷ்ணன்.

– யாரு அது?

– எங்ககிட்ட ஓ.பி. சீட்டு எழுதறவரு. சின்ன வயசுல காது குத்தும்போது பாதியில எழுந்து ஓடிட்டாரு. மறுபடியும் புடிச்சு குத்துனாங்க. அதாவது, ஒரே காதுல ரெண்டு ஓட்டை. இதோ, ரெண்டு புள்ளி.

– புள்ளி ஜெராக்ஸ் மெஷின்ல கூட விழும்.

– ஆனி மாசம் அரிகிருஷ்ணன் பொண்ணு பாத்துட்டுப் போன வீடு இது.

– ஓ.

– இன்னும் இருக்கு. கடைசிப் பக்கத்து க்யூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் பண்ணா போன்ல காது வருது. ஆடுது. ஆடிக்கிட்டே, அன்னிக்கு அந்தக் காதுல என்ன விழுந்துச்சோ அதெல்லாம் கேக்குது. குக்கர் விசிலு. யாரோ ஒரு மாமா, 'பொண்ணு பாடுமா'ங்கறாரு. பின்னாடி டிவியில பிரெஞ்சு நியூசு. ஆறுலயும் பிரெஞ்சு நியூசு.

– பாண்டிச்சேரியில பிரெஞ்சு கேக்கறது ஒரு அதிசயமா?

– இப்ப கீழ ஒக்காந்திருந்தப்போ அதே நியூசு. அதே சத்தம்.

– அது பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு. காது மந்தம், அதான் அலற விடுவாரு.

– ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, நான் மெஷின் வச்சு விடறேன்.

– ஐயோ வேணாம். அந்த சத்தம் எங்களுக்கு வேணும்.

– எங்களுக்கு?

– சரி. மெதுவாப் பேசுங்க. சத்தம் புடிக்கறது நான். போனை டிரேவுக்கு அடியில ஒட்டி வச்சுதான் காபி குடுப்பேன். காதை ஆட விடறதும் நான்தான்.

– இன்னிக்குமா?

– உங்க மாமா பிஸ்கட்டை நனைச்சு உறிஞ்சினது வரைக்கும் இருக்கு.

– வரையறது யாரு?

– என் பார்ட்னர். பேரு சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.

– கூடப் படிச்சவங்களா?

– அவங்க எட்டாவதோட சரி. ஆனா கை எடுக்காம ஒரே கோட்டுல காது போடுவாங்க. ஒரே ஒரு விதி வச்சிருக்காங்க. சொந்தக்காரங்க காதை மட்டும் வரைய மாட்டாங்க. அப்புறம் ஒரே வீட்டுல நிம்மதியா சோறு எறங்காதாம்.

– நியாயம்தான்.

– கீழ எதுவும் சொல்லிடாதீங்க. பெங்களூர்ல ஒரு கண்காட்சியில வைக்கக் கேட்டிருக்காங்க. ஏழு புக்கு சேந்தா வைக்கிறாங்க. வந்தவங்க காதையெல்லாம் பழைய புக்குக்குள்ள சொருகி ஊருல விட்டோம்னு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா, ஆறோட முடிஞ்சிடும்.

– சொல்ல மாட்டேன். ஒரு கண்டிஷன்.

– என்ன?

– ஏழாவது காது என்னுதா இருக்கணும்.

– அதுக்காகவா வந்தீங்க?

– பின்ன? இந்த வீட்டைச் சொல்லுங்க, இந்த வீட்டைச் சொல்லுங்கன்னு தரகரை நச்சரிச்சே வந்தேன். மறைக்காம இருக்கட்டும்னு முடி வெட்டிக்கிட்டேன். வலது பக்கம் பாருங்க. மெடிக்கலா ஒரு குறை சொல்ல முடியாது.

– நல்ல காதுதான். ஆனா வேணாம்.

– ஏங்க? அரிகிருஷ்ணனுக்குக் குடுத்தீங்க.

– புக்குல காது வந்த ஆறு பேரும் இந்த வீட்டுக்குத் திரும்பி வரல.

– நீங்கதானே வேணாம்னீங்க?

– நான் ஒருத்தரையும் வேணாம்னு சொன்னதில்ல. ஜாதகம் பாக்கறது அம்மா. ஆறும் பொருந்தலன்னுட்டாங்க.

– ஆறுமா?

– நாலாவது ஆளுக்கு ஜோசியரே பத்துக்கு ஒம்போது பொருத்தம்னாரு. அம்மா ரெண்டு நாளு அவரு ஒக்காந்த நாற்காலியையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் வேணாம்னுட்டாங்க.

– நான் திரும்பி வந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?

– ஒரு தாளுக்காக ஆறு ஞாயித்துக்கிழமை வெயில்ல அலைஞ்ச ஆளு. வந்தா வரட்டும்.

– அப்ப ஏழாவது காது?

– ரெண்டுல ஒண்ணுதான்.

– கஷ்டமான கேள்விங்க.

– இதுக்கு யோசிக்க வேற செய்றீங்களா?

– இல்ல, அந்தக் கோடு அவ்ளோ நல்லா இருக்கு. அதாவது, உங்களையும் புடிச்சிருக்கு.

– அந்த 'அதாவது' வேணாம். திருப்பி சொல்லுங்க.

– உங்களைப் புடிச்சிருக்கு.

– ம். போன் இப்ப என் கையிலதான். இதுவும் பதிவாயிடுச்சு.

– அடியே பூவிழி. பத்து நிமிஷம்னு அனுப்பினா அரை மணி ஆவுது.

– வரோம்மா. முட்டி வலியோட நீ ஏன் மாடி ஏறி வந்த?

– தம்பியை ஒரு தரம் பாக்கலாம்னுதான். கீழ ஹால்ல லைட்டு பத்தல. தம்பி, இப்படி வெயில் படற எடத்துக்கு வாங்க. அந்தப் பக்கம் திரும்புங்க. இப்ப இந்தப் பக்கம்.

– இது போதுங்களா, அத்தை?

– இருங்க, அசையாதீங்க. ம்.

– அம்மா, இவரு ஜாதகத்தையும் பொருந்தலன்னு சொல்லிடாத.

– நல்லா பொருந்துதுடி. தம்பி காதுல வரையறதுக்கு ஒண்ணுமே இல்ல.