பூட்டுப் போட்ட கழிவு ஆயில்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வண்டியில இருந்து எறக்குன கருப்பு ஆயிலுக்குப் போயி யாராவது பூட்டு போடுவாகளா மதினி? மேலத்தெரு ஒர்க்‌ஷாப்புக்காரி வீட்ல போட்டிருக்காக."

"எதுக்காம்?"

"தண்ணி கலந்துரக் கூடாதாம். டிரம்முல சேத்து வச்சு, சுத்திகரிக்கிற கம்பெனிக்குக் குடுக்காக. அந்தப் பெருமையில அவளைக் கையில பிடிக்க முடியல."

"உங்க ஒர்க்‌ஷாப்புல என்ன செய்வீக?"

"எங்க வீட்டுக்காரரு கெணத்தோரமா ஊத்திருவாரு."

அவளே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மேலே சொன்னாள்.

"இப்ப கெணத்துல ஆயிலு மெதக்குது. தெனமும் கொடத்தைத் தூக்கிட்டு அவ வீட்டுக்குத்தான் போறேன்."

"தண்ணி தர மாட்டேங்காளா?"

"சிரிச்ச மொகமா நெறச்சு, தூக்கியும் விடுதா மதினி. அதத்தான் என்னால தாங்க முடியல."