நொண்டிக் கள்ளன் தப்பித்த கதை

யுத்த காலத்தில் ஒரு நாள் சூரமங்கலத்தில் ஈரோட்டு ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில், மடியில் ஒரு கதைப் புத்தகத்தோடு ஒரு நெசவாளர் இருந்தார். அவர் பக்கத்தில் சந்தைக்குப் போகும் ஒரு அம்மாள்.

“இந்தத் திருடன் சாகக்கூடாதுன்னு எஞ்சம்சாரம் ஒரே புடியா நின்னாளுங்க” என்று அந்த அம்மாளிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது.

“எந்தத் திருடனுங்க?”

“கதையில வர்றவனுங்க. ஒரு மந்திரவாதி ஊர்ச்சனத்தோட தூக்கத்தையெல்லாம் பெட்டியில பூட்டி வெச்சுக்கறான். அதைக் களவாட, ஊர்க்காரங்க தொரத்திவிட்ட நாலு பேரு போறாங்க. அதுல ஒருத்தன் நொண்டி. கூட்டாளி சோத்தையே திருடித் திம்பான். ஆனா கூட வர்ற கண்ணு தெரியாத பொம்பளையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் அவந்தான். எஞ்சம்சாரத்துக்கு அவன்னா உசுரு. ஆறு மாசமா இருமல், அவளுக்கும் தூக்கமில்லீங்க. தறிய நிறுத்திட்டுப் படிச்சுக் காட்டுவேன்.”

“இப்ப எப்படி இருக்குதுங்க அவங்களுக்கு?”

“போன மாசம் தவறிட்டா. கதை முடிஞ்ச மூணாம் நாளு.”

அம்மாள் கேட்டார். “அந்த நொண்டி தப்பிச்சுட்டானுங்களா?”

“பெட்டியத் தெறந்துட்டுச் செத்துப்போறானுங்க. அதைப் படிக்க எனக்கு வாய் வரல. அவன் தப்பிச்சு, அந்தப் பொம்பளையோட ஊடு கட்டிக் குடியிருந்தான்னு நானாவே படிச்சுட்டே போனேன்.”

“நம்புனாங்களா?”

“கண்ண மூடிக் கேட்டுட்டே இருந்தா. அப்பறம் என் கையப் புடிச்சு, ‘இத்தன நேரம் படிச்சீங்க, ஒரு ஏடுகூடத் திருப்புன சத்தம் கேக்கலீங்களே’ன்னு சிரிச்சாளுங்க.”