சாப்பாட்டுச் சங்கு

எனக்குக் கூச்ச சுபாவம்ங்க ஐயா. போன் முன்னால நின்னா மட்டும்தான் வாய் திறக்கும். அதனால நிதானமா சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க.

எங்க ஆறு அப்படி ஒண்ணும் பிரமாதமில்ல. எங்க குவெய்சோ மாகாணத்து மலையில தடுக்கி விழுந்தா இப்படி ஒரு ஆறு. நடுவுல ஒரு கூழாங்கல் திட்டு. அதுல நின்னுதான் தினம் நேரலை போடுவேன். பார்க்கிறவங்கள நாங்க "வீட்டு மக்களே"ன்னுதான் கூப்பிடுவோம். ஆபீஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் அடைஞ்சு கிடக்கிற ஜனம், பார்த்துப் பார்த்து ஏங்கி, ஒருநாள் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பி வந்துடும். எங்க ஊர்ல பன்னிக் கொட்டகைகூட விடுதியாச்சு.

மேல அணை இருக்கு. தண்ணி திறக்கிறதுக்கு முன்னால எச்சரிக்கையா சங்கு ஊதுவாங்க. ஒரு தடவை நேரலையில அது கேட்டுடுச்சு. "என்ன சத்தம், அங்க வரலாமா வேணாமா"ன்னு ஆளாளுக்குப் பயந்துட்டாங்க. "தேயிலை ஃபேக்டரியில சாப்பாட்டுச் சங்கு"ன்னேன். சும்மா வாயில வந்தது. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்புறம் சங்கு கேட்டாலே திரை பூரா நூடுல்ஸ் கிண்ணம் படமா அனுப்புவாங்க. நானும் வந்தவங்களைச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரி கரையேத்திடுவேன். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

முதல் கிண்ணம் எப்பவும் வென்லான் அக்காவோடது. ஜெங்சோ நகரத்துல, படுக்கையில கிடந்த அம்மாவைப் பார்த்துக்கிட்டே என் ஆத்தையும் பார்ப்பாங்க. அம்மா காலமானதும் ரயிலேறி வந்துட்டாங்க.

வந்து பார்த்தா தண்ணி பச்சையா இல்ல. அது நான் போன்ல ஏத்தின நிறம். கரையெல்லாம் குப்பை. அக்கா கோபப்பட்டிருந்தாகூடப் பரவாயில்ல, அழுதாங்க. "ஏன்டா தம்பி, எங்கம்மா சாகறப்பகூட இந்த ஆத்தைக் காட்டி, உன்னைக் கூட்டிட்டுப் போறேன்மான்னு சொன்னேனேடா. நாளைக்கு நீயே மக்கள்கிட்ட உண்மையைச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்"னாங்க.

நியாயமான பேச்சுதான். ஆனா சொல்லிட்டா அப்புறம் எவன் வருவான், ஊரே மண்ணைத் திங்க வேண்டியதுதான். "நீங்களே சொல்லுங்கக்கா, திட்டுல உட்கார்ந்து சொன்னா எடுப்பா இருக்கும்"னேன். அணை திறக்கிற நேரம் தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன். மைக்கை மாட்டிவிட்டுட்டு, தூரத்துல இருந்து எடுக்கணும்னு கரையேறிட்டேன்.

"வீட்டு மக்களே, நான் ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சாங்க. சங்கு ஊதுச்சு. திரையில கிண்ணம் கிண்ணமா கொட்டுது. அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சாங்க. "கேட்டியா தம்பி, நிஜமாவே ஊதுறாங்கடா." நான் காட்டின மாதிரியே இருந்தது அவங்களுக்கு அது ஒண்ணுதான்.

போனை அப்பவே அணைச்சுட்டேன். வீட்டு மக்கள் அதையெல்லாம் பார்க்கக் கூடாதுங்க.

ஓடி வர நேரம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா நான் அவங்களைத் தள்ளல, தொடக்கூட இல்லைங்க ஐயா. "சாப்பாட்டு நேரம்க்கா, அவசரமில்ல, மெதுவா வாங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன்.