பாதி வாடகை வீடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. சட்டையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் மனதுக்குள் ஐந்நூறு ரூபாய் ஏற்றிவிடுவார். புரோக்கரும் வேண்டாம். டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அந்தத் தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடெல்லாம் தெரிந்துவிடும். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, சார். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வில்லாபுரத்து வீடும் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

"அந்த வீடா? நடு ரூம்ல ஒரு பய தற்கொலை பண்ணிக்கிட்டான்ணே. ஓசிக்குக் குடுத்தாக்கூட எவனும் வர மாட்டான்" என்றார் டீக்கடைக்காரர்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு அது பாதி வாடகை வீடு, அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஜெயபாண்டி கோச்சடையில் இருந்தார். நான் சொன்ன பாதி வாடகையைக் கேட்டு முகம் சுளித்தாலும் கடைசியில் ஒத்துக்கொண்டார். "ஆளு பொழங்குனாப் போதும் தம்பி. நீங்க குடுக்குறதக் குடுங்க" என்றார். அட்வான்ஸ்கூட வாங்கவில்லை.

பால் காய்ச்சி முடித்த பிறகுதான் என் மனைவி பாண்டிமீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முன்னாலேயே சொன்னால் வர மாட்டாள். அவள் அழுதாள். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, மிச்சம் பிடிக்கிற காசில் டி. கல்லுப்பட்டிப் பக்கம் மனை வாங்கி நமக்கென்று ஒரு வீடு கட்டிவிடலாம் என்றேன். இரண்டு வருடம் ஏழு வருடமாகிவிட்டது. மனை விலை ஏறிக்கொண்டே போனால் நான் என்ன செய்ய முடியும்? அந்த ஏழு வருடமும் அவள் நடு அறையில் படுக்கவில்லை. அடுப்படியில் பாயை விரித்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த அறையின் நிலைப்படியில் வேப்பிலை செருகுவாள். வேப்பிலைக்குக் காசு கிடையாது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் அவள் தங்கை திவ்யாவுக்கு வளைகாப்பு வந்தது. பெற்றவர்கள் இல்லாததால் அக்காதான் செய்ய வேண்டும். மண்டபத்துக்கு எவ்வளவு கேட்பார்களோ என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பாண்டிமீனாவே சொன்னாள்.

"மண்டபத்துக்கு எதுக்குங்க இம்புட்டு தண்டச்செலவு? நம்ம வீட்லயே வச்சிருவோம். நடு ரூம்பு பெருசாத்தான இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். தண்டச்செலவு என்பது நான் சொல்கிற வார்த்தை, அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். ஒருவழியாக இவளும் என் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தெருவே வந்து உட்கார்ந்து ஐந்து வகைச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனது. திவ்யாவுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது.

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். கெட்ட சாவு விழுந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்து, பிள்ளையும் சுகமாகப் பிறந்துவிட்டால் தோஷம் கழிந்தது என்பார்கள் எங்கள் பக்கத்தில். எனக்குத்தான் நம்பிக்கை இல்லையே தவிர, தெருவுக்கு உண்டு. மண்டபச் செலவை மிச்சம் பிடிக்கப் போய், வீட்டுக்கு நானே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு ஜெயபாண்டி வந்து நின்றார்.

"புதுசா ஒரு குடும்பம் முழு வாடகைக்குக் கேக்குது தம்பி. கோவிச்சுக்கிராதீக. மாசக் கடைசியில காலி பண்ணிக் குடுத்துருங்க."

பூட்டிக் கிடந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து மனிதர் வாழ்கிற வீடாக்கியது யார்? பயப்படாமல் அந்த அறையில் தனியாகப் படுத்து எழுந்தது யார்? எல்லாம் நான். பலனை அனுபவிக்க வேறொருத்தன். மறுநாள் கோச்சடைக்கே போய் அவரிடம் கெஞ்சினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நானா ஒங்களக் கெளப்புவேன்? ஒங்க வீட்டம்மாதேன் வந்து அழுதுச்சு. 'அண்ணே, விசேசம் நடந்து வீடு சுத்தமாயிருச்சு. இனி முழு வாடகைக்கு விடலாம். எங்களப் போகச் சொல்லுங்க, நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு'ன்னுச்சு. வளைகாப்ப அங்க வச்சதே அதுக்குத்தானாம். நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

கோச்சடையிலிருந்து வில்லாபுரம் வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் துரோகம் செய்தால் தாங்கிக்கொள்ளலாம், அவர் யாரோ. எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறவள் செய்தால் எங்கே போய்ச் சொல்வது? எங்கள் இரண்டு பேருக்காகவும்தானே ஒவ்வொரு ரூபாயையும் பிடித்து வைத்தேன்.

கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமாங்க, நான்தேன் சொன்னேன். ஏழு வருசமா அடுப்படியில படுத்துக் கெடக்கேன். எனக்கு வீடு வேணும். வாடகை கம்மியா இருக்குற எடம் வேணாம்" என்றாள்.

அடுத்த நாளே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஏழு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, சார். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது, அதுதான் சிக்கல். யாரால் வந்ததோ அவளாலேயே அது போவதுதான் நியாயம் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், காலி செய்வதற்கு முன்னால் மாடித் தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிடலாம் என்றேன். அவள் சந்தோஷமாகவே வந்தாள். மாடியில் தொட்டிக்கு ஏணியைத் தெருப் பக்கம் சாத்தாமல் முற்றத்துப் பக்கம் நான்தான் சாத்தினேன். தெருவில் விழுந்தால் அது தெருவில் நடந்த விபத்து, வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. முற்றத்துப் பக்கம் மாடிக்குக் கைப்பிடிச் சுவரும் கிடையாது. "நல்லாப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பாதி ஏறிய பிறகு கையை எடுத்தேன். ஏணி அசையவில்லை என்றதும் காலால் ஒரு தள்ளு தள்ளினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கீழே முற்றத்துக்கு இறங்கிப் போனபோது, விழுந்து கிடந்த அவளுக்கு உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் இலவசம்தான், செலவைப் பார்த்து நான் கூப்பிடாமல் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே உயிர் போயிருந்தால் அது ஆஸ்பத்திரிச் சாவாகிவிடும். அவளைத் தூக்கிக்கொண்டு போய் நடு அறையில் கிடத்தினேன். அங்கே வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு நின்ற பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். நான் அழுத அழுகையைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அழுதது நடிப்பு இல்லை, சார்.

நான் நினைத்தபடியே நடந்தது. புதுக் குடும்பம் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஜெயபாண்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "ஒங்களுக்கு இஷ்டம் இருக்குற வரைக்கும் இருங்க தம்பி. வாடகையே வேணாம்" என்றார்.

யாரும் சந்தேகப்படாதபோது நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி, பயம் என்று எதையாவது எழுதிவிடாதீர்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று முதலிலேயே சொன்னேன். கரண்டு பில்தான் கட்டுப்படியாகவில்லை. பொழுது இறங்கியதும் எல்லா அறையிலும் லைட்டைப் போட வேண்டியிருக்கிறது, விடிகிற வரைக்கும் அணைக்க முடிவதில்லை. கொசு அதிகம், வேறொன்றும் இல்லை. உங்கள் லாக்கப்பில் ராத்திரி முழுக்க லைட் எரியும் என்று ஏட்டையா சொன்னார். நடுவில் அணைக்க மாட்டீர்கள்தானே, சார்?