நுரை கட்டிய வாளி

செடிக்கு டீ ஊற்றுகிறேன் என்றால் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். பரவாயில்லை. எதிர்வீட்டு டெய்லர் அம்மா "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்காத நாளில்லை. நான் நின்றுகொண்டே சொல்கிறேனே, எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மட்கிய உரத்தைத் துணியில் மூட்டை கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். ஒரு கட்டி வெல்லம் போட்டு, மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரின் குழாயை உள்ளே விட்டால், மறுநாளே நுரை கட்டிக்கொண்டு வரும், அதுதான் செடிக்கு டீ. அந்த நுரையைப் பார்த்தால்தான் எனக்குப் பொழுது ஓடும். மோட்டாரின் கொரகொர சத்தம் நின்றுவிட்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவேன். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு என்ன இருந்தது?

என் கொழுந்தன் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு எங்களோடு வந்து தங்கினார். என் வீட்டுக்காரர் கொடுத்த சிறுநீரகம். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததே நான்தான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கிற மாத்திரைகள் அவை.

மனுஷரால் சும்மா இருக்க முடியவில்லை. என் தக்காளித் தொட்டிகளை மூன்று பங்காகப் பிரித்தார். ஒரு பங்குக்கு என் டீ, ஒரு பங்குக்கு வெறும் தண்ணீர், ஒரு பங்குக்கு உரத்தை அப்படியே மண்ணில் போட்டுத் தண்ணீர். காய்த்து முடிந்ததும், வீடே சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. உரத்தை அப்படியே போட்டதுதான் நல்லா காய்ச்சிருக்கு. டீ ஊத்தினதுக்கும் வெறும் தண்ணிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை."

"அப்போ இத்தனை வருஷமா மோட்டார் போட்டு நீ கரண்ட் பில்லைத்தான் வளர்த்திருக்கே," என்றார் என் வீட்டுக்காரர்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் சொன்னது நிஜமானால் இத்தனை வருஷமும் நான் வெறும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தவள்.

தம்பி தங்கமான பிள்ளை. மறுநாளே மாடிக்கு வந்து என்னைச் சமாதானப்படுத்தினார். வந்த வேலையோடு போகாமல் பாடமும் எடுத்தார்.

"வெல்லம் போட்டா நல்ல கிருமி மட்டும் பெருகாது அண்ணி, கெட்டதும் சேர்ந்துதான் பெருகும். பச்சையா சாப்பிடுற இலைக்கு இதைத் தெளிச்சிடாதீங்க. எனக்கெல்லாம் அது ஆகவே ஆகாது."

நீங்களே யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் அதுவும் தண்ணீரும் ஒன்று என்கிறார். விடிந்ததும் அதில் ஆளைச் சாய்க்கும் அளவுக்கு உயிர் இருக்கிறது என்கிறார். இரண்டில் ஏதாவது ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்? எது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிப்படியில் நிற்பேன். அவர் வாயாலேயே ஒரு முடிவு வர வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அடுத்த வாளிக்குக் கோழி எரு போட்டேன், மட்காததாகப் பார்த்து. மோட்டாரை நானே நிறுத்தினேன். காற்றுப் போகாவிட்டால் எது பெருகும் என்பதையும் தம்பிதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அந்த அமைதியை எப்படிப் பொறுத்துக்கொண்டேனோ தெரியாது. பிறகு உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து, மேலே கொத்தமல்லியைப் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவினேன். அவர் தட்டுக்கு மட்டும்.

"கழுவினீங்களா அண்ணி?"

"கழுவாம உங்களுக்குக் குடுப்பேனா தம்பி?"

பொய் சொல்லவில்லை. கழுவினேன். அந்த வாளியில் கழுவினேன்.

கொஞ்சம் வயிற்றைக் கலக்கும், ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் அடித்துத் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார், பச்சையாக ஏதாவது சாப்பிட்டாரா என்று.

"எல்லாம் வேக வெச்சதுதான் டாக்டர்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்கேற்ற மருந்து கொடுத்திருப்பார்கள், பிழைத்தும் இருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதை நான் சொன்னால் என்ன மதிப்பு? தம்பி கண் விழித்து அவராகச் சொல்லட்டும் என்று கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே காத்திருந்தேன். அவர் கண் விழிக்கவே இல்லை.

வாளியில் மிச்சம் இருந்ததை உங்கள் ஆட்கள் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். ஒரு சொட்டில் கோடிக்கணக்கான உயிர் இருந்தது என்று சற்றுமுன் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். மன்னிக்க வேண்டும், அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தம்பி மட்டும் இருந்திருந்தால், ஓடிப்போய் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.