முன்சீட்டில் கருப்பம்மாள்

காப்பியை ஆறவிடாதீர்கள் தம்பி. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்தது, சீனி கம்மிதான். எழுதுகிற பிள்ளைக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுங்கள். ஜெபிஷாதானே உன் பேர், தாயி? கை வலித்தால் சொல், நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பேர் சொர்ணலட்சுமி. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. வீட்டுக்காரர் போன பிறகு நானேதான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வேலை பார்க்கிற பெண்கள் ஒருத்திகூட என்னை முதலாளி என்று கூப்பிட்டதில்லை. அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, ஆனால் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள்.

நான் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக. ஆமத்தூர்க் கண்மாய்க்கரையில் என் ஜீப் கவிழ்ந்ததைப் பற்றி நீங்கள் எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பதில் இரண்டு தப்பு இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று, டிரைவர் மாரிக்கண்ணன் குடித்திருந்தான் என்பது. அவன் கல்யாண வீட்டில் பன்னீர் சோடா குடித்தாலே முகம் சிவந்துபோகிறவன். இப்போது உள்ளே லாக்கப்பில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான், பாவம். இன்னொன்று, வண்டி பராமரிப்பில்லாமல் கிடந்தது என்பது. முதல் தப்பைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வண்டியைப் பராமரித்தது நான்.

என்னிடம் இரண்டு ஜீப் உண்டு. பட்டாளத்து ஏலத்தில் வீட்டுக்காரர் ஒரே நாளில் எடுத்தது, கூடப் பிறந்த அக்காள் தங்கச்சி மாதிரி. மூத்தவளை நாங்கள் குலசாமி கோயிலுக்குப் போக வைத்துக்கொண்டோம். வைப்பாற்று மணலில் வேறு எந்த வண்டியும் இறங்காது. இளையவள் ஆமத்தூரிலிருந்து வேலையாட்களை ஏற்றிவருவாள். அவர் போன பிறகு மெக்கானிக்குகள் பொம்பளைதானே என்று கண்டதையும் சொல்லி ஏமாற்றினார்கள். சரி, நாமே படிப்போம் என்று உட்கார்ந்தேன். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் ஜீப்பின் முன் அச்சைக் கழற்றி மாட்டுகிற பொம்பளை நான் ஒருத்திதான். இதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதிக்கொள், தாயி.

தீபாவளி சீசன். ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. அந்த நேரம் பார்த்து இளையவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மாரிக்கண்ணன் வந்து நின்றான்.

"அம்மா, ஸ்டியரிங் கைல நிக்க மாட்டேங்கு. இடது முன்சக்கரம் ஆடுது. அரைக்குற சத்தம் வேற."

"பாத்து ஓட்டுலே. தீவாளி கழியட்டும்" என்றேன். நியாயமான பதில்தானே.

ஆனால் ஆமத்தூரில் கருப்பம்மாள் என்று ஒருத்தி. சரவெடி பின்னுகிறவள், கையும் வேகம், வாயும் வேகம். ஒருநாள் காலையில் எல்லாப் பெண்களையும் வண்டியைவிட்டு இறக்கிவிட்டாள். சக்கரம் சரியாகிற வரைக்கும் யாரும் ஏறப்போவதில்லையாம். நான் நேரில் போனேன்.

"என்னத்தா, நான் பாத்துக்கிட மாட்டேனா?" என்று கேட்டேன்.

"நீங்க நல்லாத்தாம்மா பாத்துக்கிடுதீக. சக்கரந்தான் எங்களப் பாக்க மாட்டேங்கு. ஆட்டுரல்ல கல்லு விழுந்த கணக்கா அரைக்கே, காது கேக்கலையா உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளைகள் கேட்டால் செய்யத்தானே வேண்டும்? மதுரைக்குச் சொல்லி சக்கரத்துக்குப் புது பேரிங் செட் வரவழைத்தேன். பூஜை நேரம், ஒரே ஒரு செட்டுதான் கிடைத்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் இரண்டு வண்டிகளையும் ஷெட்டில் நிறுத்தி ஜாக்கி கொடுத்தேன். முதலில் மூத்தவளைத் திறந்தேன். பழகிக்கொள்ளத்தான். திறந்து பார்த்தால் அவளுக்கும் பேரிங் தேய்ந்துதான் இருந்தது. ரோலர் உட்கார்ந்து ஓடுகிற கப்பில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. ரோலர்களைப் பிடித்து வைத்திருக்கிற கூட்டில் ஒரு கீறல். கோயிலுக்குப் போகிற வண்டி, தம்பி. அதில் குறையோடு போய் சாமி முன்னால் நிற்க எனக்கு மனசு வரவில்லை. புதுசை அவளுக்கே போட்டேன்.

அவளிடமிருந்து கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெயிலில் வைத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. அதை இளையவளுக்கு மாட்டினேன். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்குப் பத்தாத சட்டையை இளைய பிள்ளைக்குப் போட்டதில்லையா? உங்கள் அம்மா ஜெயசீலி டீச்சரை எனக்குத் தெரியும். அண்ணன் கழித்த கால்சட்டையில்தான் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள், அருள்பிரகாஷ். நன்றாகத்தானே வந்திருக்கிறீர்கள்.

இளையவளிடம் ஏற்கெனவே இருந்தது இதைவிட மோசம். ஆகவே நான் செய்தது முன்னேற்றம்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

அந்தப் பெண்களை மூத்தவளிலேயே அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இருப்பேனா? அவர்கள் கையில் அலுமினியப் பொடி, வெள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மூத்தவளுக்கு அப்போதுதான் வெள்ளை ரெக்சின் சீட்டு தைத்திருந்தேன். பிள்ளைகளுக்கும் பாருங்கள், தொட்டால் கறை ஆகிவிடுமே என்று கூச்சமாக இருக்கும். அந்தச் சங்கடம் அவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன், கவனமாக எழுது, தாயி. இந்தப் பேரிங்கைப் போட்டு நட்டை முறுக்கும்போது, முழுக்க இறுக்கிவிட்டு மறுபடியும் ஒரு பொடி இளக்க வேண்டும். சக்கரத்தைத் தள்ளினால் லேசாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. மூத்தவளுக்கு அப்படித்தான் வைத்தேன். ஒரு விரலால் தள்ளினால் கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி சுற்றி நிற்கும். இளையவளுக்கு அப்படி வைத்தால் ஆட்டம் தெரிந்தது. தேய்ந்ததில் தெரியத்தானே செய்யும். அதனால் இளக்காமல் விட்டேன். பிறகு இன்னும் ஒரு பிடி இறுக்கினேன். கிரீஸை அப்பி மூடினேன். ஆட்டமும் போனது, சத்தமும் அடங்கியது. இறுக்கமாகவே ஓடினால் சூடாகும், சூட்டில் ரோலர் நீலம் பாரித்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சக்கரம் அச்சைவிட்டு வெளியே வந்துவிடும். இதெல்லாம் தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் ரிப்பேர் பார்க்கிறவள் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது.

பூஜையன்று கருப்பம்மாளை வரச்சொன்னேன். கீழே குனிந்து சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மாரிக்கண்ணனும் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. அவன் அப்படியே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். கருப்பம்மாள் லேசில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை. மூத்தவளின் சக்கரத்தையும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு நின்றாள்.

"அம்மா, மூத்தவ சக்கரம் பம்பரங் கணக்கா சுத்துது. எளையவ ஏன் இம்புட்டு வீம்பு பிடிக்கா?"

"புதுசுலா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அப்பஞ் சரி. அம்மா சொன்னாச் சரிதான்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. இரண்டு வண்டிக்கும் சந்தனம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை இடது சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினோம். எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் விஜயதசமி, முதல் டிரிப். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்த முதல் டிரிப்பில் முன்சீட்டில் வீட்டுக்காரர் உட்கார்ந்து வருவார். அவர் போன பிறகு நான். அம்மா உட்கார்ந்த வண்டிக்கு வருசம் பூரா ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண்களுக்கு நம்பிக்கை. அன்றைக்கு ஆமத்தூர் ஸ்டாப்பில் நான் மூத்தவளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து கருப்பம்மாள் விடவில்லை.

"என்னம்மா, நீங்க ஏறலையா? எங்களத் தனியா அனுப்புதீக, மறுவீட்டுக்கு அனுப்புற கணக்கா?"

"இந்த வருசம் என் இடத்துல நீ உக்காருத்தா" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே தம்பி. சேலையைச் சரிசெய்துகொண்டு, பின்னால் நெருக்கிக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நான்தான் இன்னைக்கு மொதலாளி. எவளாச்சும் லேட்டா வந்தீக, அரை நாள் சம்பளம் கட்டு" என்றாள். வண்டி நிறையச் சிரிப்பு. இந்தக் கையால்தான் அவளை ஏற்றி உட்காரவைத்தேன். ஒரு பிள்ளைக்கு மனசு நிறைகிற மாதிரி ஒன்று செய்தேன் என்கிற நிம்மதி எனக்கு எப்போதும் இருக்கும்.

நான் பின்னாலேயே வந்தேன். கண்மாய்க்கரை வளைவில் அந்தச் சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. வண்டி கரையை விட்டுச் சரிந்தது. கருப்பம்மாளும் இன்னும் மூன்று பேரும் போய்விட்டார்கள். மாரிக்கண்ணன் வேகமாகவும் வரவில்லை, குடித்திருக்கவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே வந்தேன், சாட்சி சொல்கிறேன். அவனை விட்டுவிடுங்கள். நான் முதலில் கருவேலங்காட்டுக்குள் போனதாக ஊரில் ஒருமாதிரி பேசுகிறார்களாம். சக்கரத்தோடு கழன்று ஓடிய ஹப்பைத் தேடித்தான் போனேன். நல்ல ஹப்பு, இப்போதெல்லாம் அந்த மாதிரி வருவதில்லை. உங்கள் ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறது, பார்த்தேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, உள்ளே எடுத்து வையுங்கள்.

பராமரிப்பு இல்லை என்பதை அடித்துவிட்டாயா, தாயி? நல்லது.

இன்னும் என்ன தம்பி? வருசாவருசம் ஏறுகிறவள் இந்த வருசம் மட்டும் ஏன் ஏறவில்லை என்றா கேட்கிறீர்கள்?

அந்த வண்டியில் போனால் எனக்கு ஒரே பயமாக இருக்கும்.