எடை நின்ற இடம்

துபாயில் தேராவுக்குப் போகும் மெட்ரோவில் ஒரு தம்பதி என் எதிரே நின்றிருந்தார்கள். மனைவியின் கையில் கஷாயப் பாக்கெட்டுகள் நிறைந்த பை. கணவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் கொரிய வைத்தியர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"உங்களைப் பத்தியா? ஒண்ணுமே சொல்லலைங்க. முதல்ல மடமடன்னு குறைஞ்ச என் வெயிட், இப்ப ரெண்டு மாசமா அசையவே இல்லைன்னேன். கையைப் பிடிச்சு நாடி பார்த்தார்."

"அப்புறம் ஏன் என்னை வெளிய உட்காரச் சொன்னார்?"

"அது அவரைத்தான் கேக்கணும்."

"சாப்பாட்டை இன்னும் குறைக்கச் சொன்னாரா?"

"குறைக்கவே கூடாதுன்னார். உடம்புக்குள்ள சக்தி ஓட்டம் அடைச்சுக்கிட்டு நிக்குதாம். அது விலகினாதான் வெயிட் இறங்குமாம்."

"எதனால அடைக்குதாம்?"

மனைவி பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"சாப்பிடறதைக் குறைச்சுட்டீங்க, முழுங்கறதைக் குறைக்கலைன்னார். கோபம், பேச்சு, எல்லாத்தையும்."

பக்கத்தில் நின்றவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். கணவரின் முகம் சிவந்துவிட்டது.

"அப்படி எதை முழுங்கறே நீ? நான் உன்னைப் பேசவே விடறதில்லையா?"

"நான் அப்படிச் சொல்லலையே..."

"கலாஸ், போதும். நாலு பேர் பாக்குறாங்க. வாயை மூடு."

அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்து மூடியது. மனைவி மெதுவாகச் சொன்னார்.

"சரிங்க. இதையும் முழுங்கிட்டேன்."